வீட்டு வரி ரசீதில் இருக்கும் புத்தகங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சொத்து வரி கட்டிய ரசீது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல ஊர்களில் அந்த ரசீதிலேயே நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலகத்துக்காக வசூலிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் நூறு ரூபாய் நூலக வரி. வாடகை வீட்டில் குடியிருப்பவர்களும் இதில் சேர்த்திதான். வீட்டுக்காரர் கட்டுகிற வரி கடைசியில் வாடகையில்தானே வந்து நிற்கிறது?

குறைந்த செலவில் நிறையப் புத்தகம் படிப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: புத்தகத்துக்கான பணத்தை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். வருஷா வருஷம் கட்டிக்கொண்டும் இருக்கிறோம். கட்டிய பணத்துக்குப் புத்தகம் எடுக்கத்தான் நம்மில் பலர் போவதில்லை.

இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகம் என்றால் புத்தகத்தைப் பூட்டிப் பாதுகாக்கிற இடம் என்ற எண்ணம் இருந்த காலம் அது. நூல்கள் பயன்படுத்துவதற்காகவே என்பதை, நூலகத்துக்கென்று தான் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்து 1931இல் அவர் புத்தகம் எழுதினார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசல் கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர், மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். புத்தகத்தைத் தேடி மக்கள் வர முடியாவிட்டால் மக்களைத் தேடிப் புத்தகம் போகட்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் தன் பணத்தைப் போட்டு முயன்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். நூலகத்துக்கென்று ஒரு சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும், யாருடைய தயவிலும் அது நிற்கக் கூடாது என்பது அவர் வாதம். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். ரசீதில் இருக்கும் நூலக வரி அந்தச் சட்டத்திலிருந்து வந்தது.

சரி, நூலகத்துக்குப் போகிறோம். உறுப்பினராகக் கேட்கும் காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் கிளை நூலகத்தில் ஒரு புத்தகத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. முகவரிச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பது தெரியாமலேயே வேலைக்குப் போகிற எத்தனையோ பேர் நூலகப் பக்கம் போவதில்லை.

உள்ளே போனதும் நாவல் அலமாரிக்கு நேராகப் போகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தப்பில்லை. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சீட்டில் O31,3 என்று இருந்தால் அது தமிழ்ப் புனைகதை. ரங்கநாதன் வகுத்த பகுப்பு முறை அது. நான் சொல்வது, அந்த அலமாரியை முடித்துக்கொண்டு நாலடி தள்ளியும் போய்ப் பாருங்கள். தன்வரலாறு, பயணம், ஊர் வரலாறு, வேளாண்மை, சித்த மருத்துவம் என்று இருக்கும் தட்டுகளில் கை படுவதே குறைவு. சென்ற மாதம் அப்படி ஒரு தட்டிலிருந்து காவிரிப் பாசனம் பற்றிய ஒரு பழைய நூலை உருவினேன். பின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் நான்கே நான்கு முத்திரைகள். கடைசி முத்திரை 2011. அதற்குப் பிறகு அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அணை, மதகு, வாய்க்கால், முறைப்பாசனம் என்று ஒரு வட்டாரமே உயிரோடு இருந்தது அந்தப் புத்தகத்துக்குள். கடையில் தேடினால் கிடைக்காது. மறுபதிப்பு வந்ததாகவும் தெரியவில்லை. நமக்காக வாங்கி, எண் போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. புதுப் புத்தகம் நூலகத்துக்கு வந்து சேரத் தாமதமாகிறது. பல இடங்களில் நூலகர் ஒருவரே கூட்டிப் பெருக்கி, நாளிதழ் அடுக்கி, புத்தகமும் கொடுத்தாக வேண்டும். கூரை ஒழுகும் ஊர்ப்புற நூலகங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்து நூலகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வந்து கேட்கிறவர்கள் இல்லை என்பதுதான் காரணமாகச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் தினமும் சாயந்தரம் போய் வாசலில் நின்றார்கள், அப்புறம் திறந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

இரவல் புத்தகத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. திருப்பித் தர வேண்டிய தேதி இருப்பதால் படித்துவிடுகிறோம். சொந்தப் புத்தகம் எங்கே ஓடிவிடப்போகிறது, அப்புறம் படிக்கலாம் என்று அலமாரியில் ஏறிவிடும். ஆசையாக வாங்கிய புத்தகங்களில் பாதிக்கு மேல் பிரிக்காமல் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். கையில் காசு குறைவாக இருக்கிறவர் இதை யோசிக்க வேண்டும். இருநூறு பக்கத் தமிழ்ப் புத்தகம் இன்று இருநூற்றைம்பது ரூபாய் வரை போகிறது. அதனால் நான் கடைப்பிடிக்கிற வழக்கம்: முதலில் இரவல் வாங்கிப் படிப்பது, மறுபடி படிக்க வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் விலைக்கு வாங்குவது. இப்படி வாங்கிய புத்தகம் எதுவும் வீணாகப் போனதில்லை.

புத்தகக் கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். சென்னையில் 1977இலிருந்து நடக்கிறது. ஈரோடு, மதுரை, நெய்வேலி என்று எல்லாப் பக்கமும் நடக்கிறது. கண்டிப்பாகப் போகலாம். பத்துச் சதவீதத் தள்ளுபடி என்ற அறிவிப்பைப் பார்த்து வாங்காமல், என்ன வேண்டும் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி அரங்குகளை விட்டுவிடாதீர்கள். பிற இந்திய மொழி நாவல்களின் தமிழாக்கம் அங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும். குழந்தைகளுக்கு நேரு பால புத்தகாலய வரிசையில் படத்தோடு வரும் மெல்லிய புத்தகங்கள், ஐஸ்கிரீம் விலைக்குள் அடங்கும்.

மலிவு விலை என்றால் மட்டமான சரக்கு என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. தமிழ்ப் பதிப்பு வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1950களில் சக்தி காரியாலயத்தின் வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். மர்ரே எஸ். ராஜம், சந்தி பிரித்த மூலத்தோடு பழந்தமிழ் நூல்களை ஒரு ரூபாய் விலையில் கொண்டுவந்தார். புலவர்கள் உட்கார்ந்து பாட வேறுபாடு பார்த்துத் தயாரித்த பதிப்புகள் அவை. ஏழை வீட்டிலும் பாரதி இருக்க வேண்டும் என்று நினைத்து உழைத்தவர்கள் இருந்தார்கள், அதனால்தான் அப்படி விலை வைக்க முடிந்தது.

இப்போது பாரதி காசில்லாமலேயே கிடைக்கிறார். அவர் எழுத்தின் உரிமையை 1949இல் அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதே வழியில் கல்கி, புதுமைப்பித்தன் என்று பலருடைய படைப்புகளையும் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். இது தவிர, எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தால் நம் நாட்டில் காப்புரிமை தானாக முடிகிறது. உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம்.

ஏற்றியும் இருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களை அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஈழத்துப் புத்தகம் வேண்டுமென்றால் நூலகம் என்ற பெயரிலேயே 2005இலிருந்து ஒரு தளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடத்திய சிறு பத்திரிகைகள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள் வரை அங்கே திறந்து படிக்கலாம். இந்தியக் கடைகளில் கண்ணிலேயே படாத எழுத்து அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துபோன ஒரு சமூகம், கிடைக்கிற ஒவ்வொரு தாளையும் இப்படிச் சேமிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது; நம்மிடம் ஈழத்துப் பழைய இதழ் இருந்தால் அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் சுற்றுகிறது. செலவில்லாமல் கிடைக்கிறதே என்று அதைத் திறக்காதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். தமிழில் எழுதி வாழ்கிறவர் மிகச் சிலர். சில நூறு பிரதி அச்சிட்டு, அது விற்றால்தான் அடுத்த புத்தகம் என்று இருக்கும் பதிப்பகங்கள் நிறைய. உயிரோடு இருப்பவரின் புத்தகத்தை வாங்க முடியவில்லை என்றால் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். அங்கே அவருக்கு ஒரு பிரதியாவது விற்றிருக்கும்.

நாட்டுடைமை நூல்களை அச்சில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே நாவல் ஏழெட்டுப் பதிப்பகங்களில் ஏழெட்டு விலையில் வருகிறது. மிகக் குறைந்த விலைப் பதிப்பை வாங்கும்முன் நடுவில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை மலிந்திருக்கிறதா, அத்தியாயங்களைச் சுருக்கியிருக்கிறார்களா, கண்ணுக்கு எட்டுகிற எழுத்தா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பழைய புத்தகக் கடை பற்றிப் பேசினால் நேரம் போவது தெரியாது. நல்ல பழைய கடையில் பைண்டு செய்த தொடர்கதைகள் கிடைக்கும். வார இதழில் வந்த தொடரை வாராவாரம் பிரித்தெடுத்து, வரிசையாகச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வைப்பார்கள் நம் வீட்டுப் பெண்கள். ஓவியர் வரைந்த படம் அப்படியே இருக்கும். பக்கத்தின் மறுபுறத்தில் பாதியில் நிற்கும் துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், வேறு யாரோ எழுதிய கதையின் வால். முதல் பக்கத்தில் பேனாவால் பெயரும் தெருவும் எழுதியிருக்கும். தனியாக ஒரு பைசா செலவில்லாமல் ஒரு நாவல் சொந்தமாகிவிடும். அந்தப் பிரதி வாடகை நூலகங்களுக்குப் போனதும் உண்டு. சென்னையில் 1955இலிருந்து நடக்கும் ஈசுவரி வாடகை நூலகம் போன்றவை நடுத்தரக் குடும்பங்களை எழுபது வருஷமாகப் படிக்க வைத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் ஒரே தெருவில் ஒரு வீடு விகடன் வாங்கும், எதிர் வீடு குமுதம், மூன்றாவது வீடு கல்கி. வியாழன், வெள்ளி தாண்டியதும் கைமாறும். இதை இன்றும் செய்யலாம். அடுக்ககத்திலோ அலுவலகத்திலோ நாலு பேர் சேருங்கள். மாதம் ஆளுக்கு ஒரு புத்தகம், ஒன்றுபோல் இல்லாமல் பார்த்து வாங்குங்கள். நாலு மாதத்தில் ஒவ்வொருவர் கையிலும் பதினாறு புத்தகம் வந்து போயிருக்கும்; காசு கொடுத்தது நாலுக்குத்தான். கொடுத்தது திரும்பி வராது என்ற பயம் இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எழுதி வைத்தால் கூச்சமும் குறைந்துவிடும்.

பல நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. எங்கள் ஊர் வட்டத்தில் நானும் இருக்கிறேன். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூலகப் புரவலர் ஆகலாம். அதற்கு வசதி இல்லாதவர் வட்டத்துக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாலே போதும். நீங்கள் தேடிய புத்தகம் அலமாரியில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுங்கள். அவர் மேலிடத்துக்குக் கேட்டு எழுதும்போது, வாசகர் கேட்கிறார் என்று காட்ட அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு தெருவிலிருந்து ஐந்து பேர் ஒரே புத்தகத்தைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.