அரைக் கட்டை இறங்கிய மாலை

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை நகரில் சேர்ந்து பாடுவதற்கென்றே கூடும் எங்கள் சிறிய பாடகர் குழாம் கடந்த மாதம் நிதி திரட்டுவதற்காக ஓர் இசை மாலையை நடத்தியது. அதைப் பற்றியும் அதற்குப் பிறகு எங்கள் ஒத்திகை மாறிவிட்ட விதத்தைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் கேட்டிருந்தார்கள். நான் குழாத்தின் நெறியாளன் அல்லன். கீழ்க்குரல் வரிசையில் கடைசியில் நிற்பவன். கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதனால்தான் என்னை அனுப்பிவைத்தார்கள்.

எங்களுள் தேவாலயத்தில் பாடிப் பழகியவர்கள் சிலர். கோயிலில் பண்ணிசை கற்றவர்கள் சிலர். பாடசாலை விழாவுக்குப் பிறகு வாயே திறக்காதவர்கள் பலர். இவர்களை ஒரே சுருதியில் நிறுத்துவதுதான் முதல் சிக்கல். கர்நாடக இசையில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள்; ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். தனித்தனியே பாடும்வரை இதனால் தொல்லையில்லை. எல்லாரும் ஒரே பாட்டை ஒரே குரலாகப் பாட முயன்றால், ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும், அல்லது பெண்கள் முணுமுணுக்க வேண்டும். பலமுறை முயன்ற பின் நான்கு கட்டையில் நின்றோம். அது பெண்களுக்குச் சற்றே தாழ்வு. மேற்குரல் உள்ள ஆண்கள் எட்டிப் பிடிப்பார்கள். என்னைப் போன்றவர்களால் முடியாது. ஆகவே எங்களுக்கென்று தனிப் பாகம் ஒன்று வேண்டியிருந்தது.

தமிழ்ப் பாட்டை இவ்வாறு பல குரல்களுக்குப் பிரித்தமைப்பது புதிய முயற்சி அன்று. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் 1970களில் சென்னையில் இளைஞர்களைக் கொண்டு சேர்ந்திசைக் குழுவை நடத்தி, பாரதியார் பாடல்களை அப்படிப் பாடவைத்தார். எங்கள் மாலையின் முற்பகுதியிலும் பாரதியாரே இருந்தார். அதற்கு இசைக் காரணத்தோடு பணக் காரணமும் உண்டு: அவருடைய படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கிப் பின்னர் பொதுவாக்கிவிட்டதனால், நுழைவுச்சீட்டு விற்றுப் பாடும்போதும் அந்த வரிகளுக்காக எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மெட்டை எங்கள் நெறியாளரே அமைத்தார்.

பிற்பகுதிக்குச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை எடுத்தோம். அவர் இங்கு வந்து பாடவில்லை, இராமேசுவரத்தில் இருந்துகொண்டே பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கடலுக்கு அப்பால் நின்று எங்கள் ஊரைப் பாடியவரை நாங்கள் இக்கரையில் நின்று பாடுவதில் ஒரு மகிழ்ச்சி. பதிகத்தின் பண், அதாவது அதற்குரிய பழந்தமிழ் இராகம், புறநீர்மை; இன்று அதைப் பூபாள இராகத்தோடு ஒப்பிடுவார்கள். மத்திமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர இராகம் அது. அதன்மேல் வேறு சுரங்களை அடுக்கினால் பண்ணின் முகமே மாறிவிடும் என்று பண்ணிசை கற்ற அம்மா ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எனவே பாட்டைப் பிரிக்காமல், கீழ்க்குரலார் மட்டும் ஆதார ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொடர்ந்து பிடிப்பது என்று முடிவாயிற்று. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிப்பவர் செய்யும் வேலைதான் அது. "நாங்கள் ஒத்தூதவா இங்கே வந்தோம்?" என்று எங்கள் வரிசையில் ஒருவர் கேட்டதற்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஆனால் ஒத்து பிடிப்பது எளிதன்று. மூச்சு அறுபடாமல் ஒலி நிற்க வேண்டுமானால், பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நான் வாங்கக் கூடாது; சொல்லின் நடுவில், எவருக்கும் தெரியாமல், முறை வைத்து வாங்க வேண்டும். தன் குரலைவிட அடுத்தவர் மூச்சைக் கவனிக்கும் பழக்கம் வருவதற்கு எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன.

மாலையன்று மண்டபம் நிறைந்திருந்தது. பாரதியார் பாடல்கள் கீபோட் துணையோடு நன்றாகவே போயின. பதிகத்தின் மூன்றாம் பாட்டில் மின்சாரம் நின்றது. விசிறி நின்றது, ஒலிபெருக்கி நின்றது, கீபோட்டும் ஊமையாயிற்று. நெறியாளர் கையை இறக்கவில்லை. ஆகவே நாங்களும் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டைத் தவிர மற்றவை எல்லாம் "கோணமாமலை அமர்ந்தாரே" என்றே முடிவதனால், வரி மறந்தவர்கள்கூட அந்த இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். சபையோரும் இருட்டில் சேர்ந்து பாடினார்கள். எட்டாம் பாட்டின் நடுவில் மின்சாரம் திரும்பியது. கீபோட் வாசிப்பவர் ஆவலோடு நான்கு கட்டையில் கைவைத்தார். அந்தக் கணத்தில்தான் தெரிந்தது, நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாக அரைக் கட்டை இறங்கியிருந்தோம் என்பது. அந்தக் கரகரப்பைக் கேட்டுச் சபையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அவர் கையை எடுத்துவிட்டார். மீதிப் பாட்டை இறங்கிய சுருதியிலேயே முடித்தோம்.

துணைக்கருவி இல்லாமல் பாடும் குழாங்கள் இப்படி இறங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஏறும் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறுவதும், இறங்கும் சுரத்துக்குச் சற்று அதிகமாக இறங்குவதும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மூச்சுத் தளர்ந்து குரல் தொய்வதும் காரணங்கள். ஒவ்வொரு தடவையும் நேரும் குறைவு காதுக்கு எட்டாத அளவு சிறியது. பாட்டுக்குப் பாட்டு அது சேர்ந்துவிடுகிறது. இதில் பழி முழுவதும் ஒத்து பிடித்த எங்கள் வரிசையையே சாரும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் கணக்கு. நுழைவுச்சீட்டில் வந்த பணம் மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விட்டது. கையில் மிஞ்சியதெல்லாம், நிகழ்ச்சி நிரலில் கடைக்காரர்கள் தந்த விளம்பரங்களாலும், இடைவேளையில் உறுப்பினர் வீடுகளிலிருந்து வந்த வடையும் பற்றிஸும் பிளேன்ரீயும் விற்றதனாலும் வந்தது. அடுத்த முறை சீட்டின் விலையைக் குறைத்து, பலகாரத்தைக் கூட்டுவதே புத்தி. முழு விவரமும் நாங்கள் கூடும் வாசிகசாலையின் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தப் பணம் பெரிய கீபோட் வாங்குவதற்காகவே திரட்டப்பட்டது. மின்வெட்டுக்குப் பிறகு அதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. மின்கலத்தோடு கூடியதாக வாங்கிவிடலாம் என்றார்கள் சிலர். அதை வாங்கினால் நாங்கள் என்றைக்கும் அதன் தோளிலேயே சாய்ந்திருப்போம் என்பது என் வாதம். கடைசியில் ஒரு சுருதிப்பெட்டி மட்டும் வாங்குவதென்றும், மீதியை மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பிள்ளைகளின் போக்குவரத்துக்கு ஒதுக்குவதென்றும் முடிவாயிற்று. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின் வழி எளிதாயிற்று என்பது உண்மையே; ஆனால் ஒத்திகை முடிந்து இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே பேருந்தில் அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். நல்ல மேற்குரல்கள் சில அதனாலேயே பாதியில் நின்றுவிட்டன. விளம்பரம் தந்த கடைக்காரர்களிடமும் நோக்கம் மாறியதைச் சொல்லிச் சம்மதம் பெற்றிருக்கிறோம்.

இப்போது ஒத்திகையின் முதல் அரைமணி நேரம் எந்தக் கருவியும் இல்லாமல் நடக்கிறது. சுருதிப்பெட்டியை ஒருமுறை கேட்டு மூடிவிட்டு, இரண்டு பாட்டுப் பாடி, மீண்டும் திறந்து பார்க்கிறோம். சென்ற சனிக்கிழமை இறங்கியது கால் கட்டைக்கும் குறைவு.

ஒத்திகை சனிக்கிழமைதோறும் மாலையில் நடைபெறும். சுரம் வாசிக்கத் தெரியாதவர்களும் வரலாம். கீழ்க்குரல் ஆண்கள் அவசரமாகத் தேவைப்படுகிறார்கள். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் காலமாதலால் தொண்டை வறளும். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுவாருங்கள். கடற்கரையில் விற்கும் மற்றக் கச்சானை, அதாவது நிலக்கடலையை, பாடி முடித்த பின் தின்னலாம்; அதன் தோல் தொண்டையில் ஒட்டினால் அன்றைக்கு ஒத்து பிடிக்க முடியாது.

நன்றி, வணக்கம்.