காணிக்கையை வைத்துவிட்டுப் போ

அன்பான நேயர்களுக்கு வணக்கம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒழுங்குகள் மாறும். சிலர் கறி மீன் சாப்பிடுவதில்லை, சிலர் வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பார்கள். நல்ல பழக்கங்கள்தான். ஆனால், "இயேசுவின் பின்னே நடப்பது என்றால் அன்றாடம் என்ன செய்யணும், ஐயா?" என்று வாலிபர்கள் கேட்கும்போது, நான் முதலில் எடுத்துக் காட்டுவது மலைப்பிரசங்கத்தில் உள்ள ஒரு கட்டளையை. மத்தேயு 5ஆம் அதிகாரம், 23, 24 வசனங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடே ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு, என்கிறார் ஆண்டவர்.

கவனித்துக் கேளுங்கள். அவன்மேல் நமக்கிருக்கும் குறையை ஆண்டவர் இங்கே கேட்கவில்லை. அந்தக் கணக்கை நாம் மறக்காமல் வைத்திருப்போம். நம்மால் மனம் புண்பட்டவனின் கணக்கைக் கேட்கிறார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கலிலேயாவின் மீனவர்கள், விவசாயிகள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால். கால்நடையாக மூன்று நான்கு நாள் போகவேண்டும். அப்படி வந்து சேர்ந்து, ஆட்டையோ புறாவையோ கொடுக்கப்போகும் நேரத்தில், ஊரில் இருக்கும் தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. திரும்பிப் போ என்கிறார். அத்தனை தூரம் ஊருக்கு நடந்து, பேசி, மறுபடி அத்தனை தூரம் வரவேண்டும். ஆராதனையைவிட ஒப்புரவு அவ்வளவு அவசரமா? அவசரம் என்கிறார் ஆண்டவர்.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. 1950இல் அது வழக்கத்துக்குக் கொண்டுவந்த திருவிருந்து ஆராதனை முறையில், காணிக்கை எடுப்பதற்கு முன்னால் சமாதானம் பகிர்வது வருகிறது. "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்று சொல்லி, கைக்குள் கை வைத்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிறோம். முதலில் சமாதானம், அப்புறம்தான் காணிக்கைப் பை. இந்த வரிசையை அமைத்தவர்கள் மலைப்பிரசங்கத்தை நன்றாக வாசித்தவர்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில் அண்ணன் தம்பி இருவர். ஒரே ஆலயம், ஒரே வரிசை, பல வருடமாகப் பேச்சில்லை. பாகம் பிரித்த நிலத்தில் வரப்பு தம்பியின் பக்கமாக நகர்ந்திருந்தது. சமாதானம் பகிரும் வேளையில் அண்ணன் பின்னால் திரும்பி வேறொருவருக்குக் கை கொடுப்பார். ஒரு லெந்து நாளில், சர்வேயர் அளந்து கொடுத்த பழைய வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் தம்பி வீட்டுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார், போனேன். திண்ணையில் உட்காரக்கூட இல்லை. "வரப்ப நான்தான்டா தள்ளிப் போட்டேன். நாளைக்கு ஆள விட்டு வெட்டிச் சரி பண்ணிருவேன்" என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். தம்பி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாதங்கள் ஆயின. ஆனால் வரப்பு மறுநாளே பழைய இடத்துக்குப் போனது. "மன்னித்துவிடு" என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை என்று சபையில் சிலர் குறைப்பட்டார்கள். வெட்டிய வரப்பைவிட மேலான வார்த்தை எது என்று எனக்குத் தெரியவில்லை.

சகேயுவும் இதைத்தான் செய்தான். எரிகோவில் வரிவசூலில் பணக்காரனானவன். பிறனுக்கு அநியாயம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம். ஒரு ஆட்டைத் திருடி விற்றவனோ நான்கு ஆடு கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம். அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாக", அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னபோது, திருடனுக்குரிய தண்டனையைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டான். யாரும் கேட்காமலே, ஊரார் முறுமுறுத்துக்கொண்டிருந்த அந்த நாளிலேயே.

நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பாக்கி வைத்த சம்பளம், கைமாற்றாக வாங்கித் திருப்பாத தொகை, மாமியாரிடம் எறிந்த ஒரு சொல், இவற்றிலும் நடக்கவேண்டிய தூரம் இருக்கிறது. போன் போட்டுப் பேசிவிடலாமே என்பார்கள். தொலைவில் இருந்தால் பேசுங்கள். பக்கத்துத் தெரு என்றால் நேரில் போங்கள்.

"அவர் இறந்துபோய்விட்டாரே ஐயா, இனி யாரிடம் போவேன்?" என்று கண்கலங்கக் கேட்டவர்கள் உண்டு. இதற்கும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் வழி இருக்கிறது. அவருடைய நெருங்கிய உறவினரிடம் கொடு. அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் மட்டும் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் கொண்டுவா. அவருடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.