கோப்பில் உறங்கிய எச்சரிக்கைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அணுமின் நிலைய விபத்து என்றாலே நம் பேச்சு வெடிப்பையும் கதிர்வீச்சையும் சுற்றியே நின்றுவிடுகிறது. இன்று நான் விபத்துக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். த்ரீ மைல் தீவு, செர்னோபில், ஃபுகுஷிமா என உலகறிந்த மூன்று பெரும் விபத்துகளுக்கும் முன்னோட்டமோ எச்சரிக்கையோ வேறோர் இடத்தில் முன்பே கிடைத்திருந்தது; சேர வேண்டியவர்களிடம்தான் அது போய்ச் சேரவில்லை.

1977 செப்டம்பரில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸி நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. உலை மிகக் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்ததாலும், பணியிலிருந்தவர்கள் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் காரணத்தைக் கண்டறிந்து அதே குழாயிலிருந்த தடுப்பு வால்வை மூடியதாலும் எரிபொருளுக்குச் சேதம் ஏற்படவில்லை. அந்த உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இத்தகைய நிலையில் அவசரக் குளிர்நீரை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்று உலையை இயக்குவோருக்கு அறிவுறுத்த வேண்டும் எனக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு நிறுவனத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

1979 மார்ச் 28 அதிகாலையில், அதே நிறுவனம் வடிவமைத்த, பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் தீவு நிலையத்தின் இரண்டாம் உலையில் அதே வகையான கோளாறு நேர்ந்தது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கென ஒரு சிறு விளக்கு இருந்தது. மூடுவதற்கான மின்சமிக்ஞை போனதுமே அது அணைந்துவிடும். வால்வு உண்மையில் மூடிக்கொண்டதா என்பதை அது காட்டாது. விளக்கு அணைந்தது, வால்வு திறந்தே கிடந்தது. நீர்மட்டமானியோ நீர் நிரம்பி வழியப்போவதாகக் காட்டியது. குளிர்நீர்த் தொகுதி முழுவதும் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்று பயிற்றுவிக்கப்பட்டிருந்தவர்கள், பயிற்சியில் கற்றபடியே அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் எழுந்தன. அவற்றைப் பதிவுசெய்த அச்சுப்பொறி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலான பிறகே தடுப்பு வால்வு மூடப்பட்டது. எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகிப்போனது. இதை உலையை இயக்கியவர்களின் தவறு என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லும் விளக்கையும் வந்து சேராத குறிப்பையும் வைத்துக்கொண்டு அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்?

செர்னோபிலின் கதையும் இதற்கு மிக நெருங்கியது. செர்னோபிலில் இருந்த அதே வகை உலையைக் கொண்ட லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் 1983ஆம் ஆண்டே, அணுப்பிளவைத் தணிக்க வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டுகள் மேலிருந்து உள்ளே இறங்கும் முதல் சில நொடிகளில், அவற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த கிராஃபைட் காரணமாக உலையின் அணுப்பிளவு வினை சற்றுக் கூடக்கூடும் என்பது சோதனையில் தெரியவந்தது. கட்டுப்பாடுகள் விதிக்கப்படும் என்று சொல்லப்பட்டது, விதிக்கப்படவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்கள் இந்த ஆபத்தை அறியாமலே அழுத்தினார்கள். அந்த ஆண்டு வெளியான பன்னாட்டு அறிக்கை பெரும்பழியை அவர்கள் மீது சுமத்தியது. வடிவமைப்புக் குறைகளுக்கு உரிய இடம் தந்து அதே நிபுணர் குழு தன் மதிப்பீட்டைத் திருத்தியது 1992இல்தான். பாடத்தைத் தவறாகப் படித்தால் கோளாறு அப்படியே தங்கிவிடும் என்பதால் இந்த ஆறு ஆண்டுத் தாமதம் என்னை உறுத்துகிறது.

ஃபுகுஷிமாவில் கடல் மட்டும் காரணமில்லை. 1999 டிசம்பரில் பிரான்சின் பிளாயே நிலையத்துக்குள் புயல்வெள்ளம் புகுந்தது. வெள்ளம் ஒரே வீச்சில் பல பாதுகாப்புக் கருவிகளை முடக்கிவிடும் என்பது அப்போதே வெளிப்பட்டது. இருந்தும் 2011 மார்ச் 11 அன்று, ஃபுகுஷிமாவின் அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் கீழ்த்தளங்களிலேயே இருந்தன. ஏறத்தாழ 14 மீட்டர் உயர்ந்த ஆழிப்பேரலை அவற்றைச் செயலிழக்கச் செய்தது. ஆறாம் உலையின், காற்றால் குளிரும் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து இயங்கியது. ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காத்தது அதுதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், நிலையத்தின் பெரும்பகுதி தீயிலோ வெடிப்பிலோ அழிந்தாலும் உலையைக் குளிர்விக்கும் வழி இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் தன் நிலையங்களுக்கு ஆணையிட்டது. எடுத்துச் செல்லத்தக்க பம்புகள், மின்கலங்கள், கையால் வால்வு திறக்கும் முறைகள் ஆகியவை அதில் அடங்கும். ஜப்பானின் ஒழுங்குமுறை அமைப்புக்கு இது தெரிவிக்கப்பட்டிருந்தும், அது நிலையங்களுக்குச் சொல்லவில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் கண்டறிந்தது. விபத்து நாளில் ஊழியர்கள் கார்களின் பேட்டரிகளைக் கழற்றிவந்து இணைத்துத்தான் உலையின் அளவீடுகளைப் படித்தார்கள்.

விபத்துத் தடுப்பும் தாக்குதல் தடுப்பும் பெரும்பாலும் தனித்தனித் துறைகளாக இயங்குகின்றன. காவல் தொடர்பான செய்திகளைப் பூட்டி வைப்பதில் நியாயம் உண்டு. எதிரிக்கு வழிகாட்ட எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் தாக்குதலின் வடிவத்தை மறைப்பதற்காக, மின்சாரம் முற்றிலும் அற்றுப்போன உலையைக் காக்கும் முறையையும் சேர்த்து மறைக்க வேண்டியதில்லை. மின்சாரம் வெடிகுண்டால் போனாலும் வெள்ளத்தால் போனாலும், உலை நின்ற பின்னும் எழும் எஞ்சிய வெப்பத்துக்கு வேண்டிய நீர் ஒன்றேதான். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அமெரிக்காவில் மெம்ஃபிஸ், ஃபீனிக்ஸ் நகரங்களில், எந்த நிலையத்துக்கும் அனுப்பத்தக்க பம்புகளும் ஜெனரேட்டர்களும் தயாராக வைக்கப்பட்டுள்ளன. வந்திறங்கும் குழாய் அங்குள்ள இணைப்பில் சரியாகப் பொருந்துமா, அதைப் பூட்டப் போகிறவர் ஒருமுறையாவது இருட்டில் பூட்டிப் பார்த்திருக்கிறாரா என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் ஆய்வாளர்கள் நேரில் நின்று சோதிக்க வேண்டும். சோதனையில் கண்ட குறைகள் அதே வகை உலையை இயக்கும் அனைவருக்கும் உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும்.