தெரு உயர்ந்தால் வீடு தாழும்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம். பொதுப்பணி என்றதும் பலருக்கு அணை, பெரிய அரசுக் கட்டிடம், செம்பரம்பாக்கம் ஏரி மதகு, இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதைவிடச் சின்ன இடத்தைப் பற்றி. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகராட்சியின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தெரு, வடிகால், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பூங்காச் சுவர், சுடுகாட்டுக் கூரை எல்லாம் அந்த ஒரு பிரிவின் பொறுப்பு. ஊருக்குள் பஸ் போகிற பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரி நீர்வளத் துறையுடையது, 2021இல்தான் அது பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. உங்கள் வாசலில் இருக்கிற தெருதான் நகராட்சியுடையது.

அந்தத் தெருவில் எனக்குப் பல காலமாக மனசை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மட்டம். தெரு எந்த உயரத்தில் இருக்கிறது, வீட்டு வாசல் எந்த உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கு இது வீட்டிலேயே தெரியும். கட்டும்போது மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். வீடு எங்கேயும் இறங்கவில்லை, தெருதான் ஏறிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை தார் போட்டால் நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் கனம். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் முப்பது வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு அடி வந்துவிடும். மழை பெய்தால் அந்த ஒரு அடித் தண்ணீர் எங்கே போகும்? உங்கள் ஹாலுக்குத்தான் போகும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே, லட்சக்கணக்கில் செலவழித்து, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தெருவைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் ஓட்டு வீடுகளும் சின்ன மாடி வீடுகளும். டெண்டர் முடிந்து, தார்க் கலவை லாரி தெருமுனையில் வந்து நிற்கிறது. ஒரு ஓட்டு வீட்டுப் பாட்டி எழுந்து வந்து நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ரோடு போட வந்தீங்களா, என் வீட்டப் புதைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். கான்ட்ராக்டர் ஆளுக்குக் கோபம், கலவை ஆறினால் ரோலர் ஓட்டி அழுத்த முடியாது, லாரியோடு வீண். எங்கள் மேஸ்திரி ஒருவர் சத்தமே போடாமல் போய் ட்யூப் கொண்டுவந்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைப் பாட்டியின் நிலைப்படியில் பிடித்தார், இன்னொரு முனையை நடுத்தெருவில். தெரு நாலு விரல் மேலே இருந்தது. இன்னும் புதுத் தார் விழவேயில்லை! அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் "எங்க வாசலையும் பாருங்க" என்றார், எதிர் வீட்டு அம்மாவும் வந்தார், தெருவே ட்யூபுக்குப் பின்னால் நடந்தது. அன்றைக்கு லாரியை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டோம்.

பழைய தாரை எடுப்பது எஸ்டிமேட்டில் இல்லை. அதைச் சேர்த்து, திரும்ப ஒப்புதல் வாங்கி, வேலை தொடங்கவே வாரங்கள் ஆயின. தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, நியாயம்தான். தோண்டினபோது அடுக்கு அடுக்காகத் தார் வந்தது. அதற்கும் கீழே, ஓரத்தில், வடிகாலுக்குத் தண்ணீர் இறங்குகிற ஒரு பழைய வாய் கிடைத்தது. எத்தனையோ வருஷமாகத் தாருக்கு அடியில் மூடிக் கிடந்திருக்கிறது. அந்த வாயைத் திறந்துவிட்டு, பழைய மட்டத்திலேயே தெருவைப் போட்டோம். அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் பாட்டி வீட்டு வாசலுக்கு வராமல் ஓரமாகவே ஓடி அந்த வாயில் இறங்கியது.

ஏன் எல்லாத் தெருவிலும் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். சுரண்டும் இயந்திரத்தை மில்லிங் மெஷின் என்பார்கள், அது பெரியது, சந்துக்குள் நுழையாது. எடுத்த கழிவைக் கொட்ட இடம் வேண்டும். மேலே போடுவது ஒரே நாளில் முடிந்துவிடும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். இதெல்லாம் உண்மையான சிரமங்கள்தான், ஆனால் விடுவதற்குக் காரணமாகாது. சந்துக்கு ஆள் வைத்துக் கொத்தி எடுக்கலாம். 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று எழுத்திலேயே சொன்னார். ஆகவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை. திரும்பவும் சொல்கிறேன், சலுகை இல்லை.

இன்னொன்று, தாருக்கு எமனே தண்ணீர்தான். தேங்கினால் கல்லையும் தாரையும் பிரித்துவிடும், அதன் மேல் ஒரு லாரி போனால் பள்ளம். அதனால்தான் தெருவின் நடுவைச் சற்று உயர்த்தி இரண்டு ஓரமும் சரிவாகப் போடுகிறோம். சரிவு போய் ஓரத்தில் இறங்குகிற தண்ணீருக்கு வழியில்லை என்றால் எவ்வளவு நல்ல தாரும் நிற்காது.

வடிகால் தூர் வாருவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிஷம் என்று காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும், தூர் வாருவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும். வாரிய வண்டலை அன்றைக்கே அள்ளிப் போக வேண்டும், ஓரத்தில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போய்விடும். உங்கள் தெருவில் குவிந்து கிடந்தால் உடனே சொல்லுங்கள், சென்னை மாநகராட்சிக்கு 1913, மற்ற ஊர்க்காரர்கள் நகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், முந்தின நாளே வாசல் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, இப்போது தெரு எங்கே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோலர் வந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வணக்கம்.