தேடி வருபவருக்கும் ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பல்கலைக்கழகக் கட்டடங்களில் யாருக்கு எவ்வளவு இடம் என்று திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: “எங்க மேசைய எடுத்துடப் போறீங்களா?” ஆளுக்கொரு மேசை என்பதை விட்டு மேசைகளைப் பகிரலாமா என்ற பேச்சு வரும்போது அந்தப் பயம் நியாயமானது.

மேசைகள் பல நாள் காலியாகக் கிடப்பது உண்மை. கொவிட்டுக்குப் பிறகு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது பலருக்கும் பழகிவிட்டது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்று அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1-இல் நடப்புக்கு வந்தன. பேராசிரியர்களோ விரிவுரை, ஆய்வுக்கூடம், வெளியூர் மாநாடு என்று அறையில் தங்குவதே குறைவு. நிலம் இவ்வளவு அரிதான ஊரில் பூட்டிக் கிடக்கும் அறையை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

மாணவர்களின் இடங்களை நாம் எப்போதோ மாற்றிவிட்டோம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் திறந்த ‘தி ஹைவ்’ கட்டடத்தைப் பாருங்கள். டிம் சம் கூடைகளை அடுக்கியதுபோல் இருக்கும். உள்ளே 56 வகுப்பறைகள். முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே இல்லை. ஊழியர்களின் அலுவலகங்களோ பெரும்பாலும் இன்னும் நீண்ட நடைபாதையும் இருபக்கமும் மூடிய கதவுகளுமாகவே இருக்கின்றன.

அதற்காகச் சுவரை எல்லாம் இடித்தால் சரியாகிவிடுமா? ஆகாது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஈத்தன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களைக் கவனித்து 2018-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லார் கண்ணும் மேலே படும்போது மனிதர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்.

பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் சேர்கிறது. இங்கே அலுவலகம் என்பது ஊழியர் உட்காரும் இடம் மட்டுமல்ல, மாணவர் தேடி வரும் இடம். முதல் பருவத் தேர்வில் தோற்ற பிள்ளை கண்கலங்கி வந்து நிற்கும். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்கும். அதை நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் கேட்கவைப்பது கொடுமை. இருக்கைக்கு அடியில் சென்சார் வைத்து யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அளக்கிறோம். கதவைத் தட்டி, ஆளில்லாமல் திரும்பிப்போன மாணவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே என் வரைபடத்தில் முதலில் வரைவது பேச்சறைகளைத்தான். மின்தூக்கிக்கு அருகில், ஒலி கசியாத கதவோடு, சில அறைகளாவது முன்பதிவு தேவையில்லாமல். யார் இன்று வந்திருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று வெளியிலேயே தெரியவேண்டும். மேசைகள் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேசையை முதலில் இழப்பவர் பெரும்பாலும் நிர்வாக ஊழியர். நாள் முழுக்க அலுவலகத்தில் இருப்பவரும் அவர்தான்! பகிர்வது என்றால் துறைத் தலைவரின் அறையிலிருந்து தொடங்குங்கள். அவர் பயணம் போகும் நாள்களில் அது கூட்ட அறையாகட்டும்.

சின்ன விஷயங்களிலும்தான் மனம் நோகும். மேசையில் வைத்திருந்த பிள்ளையார் படத்துக்கும் பிள்ளையின் புகைப்படத்துக்கும் பூட்டக்கூடிய லாக்கர் வேண்டும். பேன்ட்ரியில் ஹலாலுக்கும் சைவத்துக்கும் தனித்தனி மைக்ரோவேவ் வேண்டும். பெரிய கூடத்தில் ஏர்கான் யார் சொல்படி என்பது தினசரிச் சண்டை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ‘எஸ்டிஇ4’ கட்டடத்தில் காற்றை வழக்கம்போல் அவ்வளவு குளிர வைக்காமல், கூரை விசிறிகளைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். பகிர்ந்து உட்காரும் இடங்களுக்கு அது நல்ல வழி.

உங்கள் துறையிலும் இந்தப் பேச்சு வந்தால், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். காலியான மேசைகளை எண்ணும் அதே தாளில், தேடி வந்தவர் எத்தனை பேர், எதற்கு வந்தார்கள், அதில் எத்தனை பேச்சுக்குக் கதவு தேவைப்பட்டது என்பதையும் குறியுங்கள். எத்தனை பேச்சறை வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யலாம். நன்றி, வணக்கம்.