தெருமுனை அரசமரம்: பகலும் இரவும்

அவையோருக்கு வணக்கம்.

பறவைப் படம் என்றதும் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வண்டி ஏறுகிறோம். நல்ல இடங்கள்தாம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு நாள் போய்வரும் இடத்தில் ஒரு பறவையின் பழக்கம் நமக்குப் பிடிபடாது. அதனால் உங்கள் தெருமுனையில் பிள்ளையாருக்கு நிழல் தந்து நிற்கும் அரசமரத்தை ஓராண்டு கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பழுத்திருக்கும் நாட்களில் பகலில் பறவையும் இரவில் வௌவாலும் ஒரே கிளைக்கு வருகின்றன.

எப்போது பழுக்கும்? நாட்காட்டியை நம்ப முடியாது. ஒரே தெருவில் இரண்டு அரசமரம் இருந்தால் ஒன்று பழுத்திருக்கும், மற்றது துளிர்விட்டுக்கொண்டிருக்கும். ஆலும் அப்படித்தான். தரையைப் பாருங்கள். அரசம்பழம் கனிந்தால் கருஊதா நிறமாகும். மரத்தடிச் சிமெண்டில் கறை படியும். ஆலம்பழம் சிவந்து உதிரும். மைனாக் கூச்சல் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

மைனா, சின்னான், குயில், மாங்குயில் எல்லாம் எளிதில் கண்ணில் படும். படாமல் ஏமாற்றுவது செம்மார்புக் குக்குறுவான். வெயில் ஏற ஏற 'டொக், டொக்' என்று செம்பு தட்டும் ஓசை கேட்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் எந்தப் பக்கம் என்றே தெரியாது. பச்சை இலைக்குள் பச்சைப் பறவையைத் துழாவாதீர்கள். விடிந்ததும் இலையில்லாத உச்சிக் கிளையில் வெயில் காய வந்து அமரும், அப்போது பார்த்துவிடலாம்.

இனி கேமரா. மரத்தடியில் நின்று மேல்நோக்கி எடுத்தால் பின்னால் வெள்ளை வானம்; பறவை கரிக்கட்டையாக விழும். கேமரா வானத்தின் வெளிச்சத்தை அளந்து படத்தை இருட்டாக்குவதுதான் காரணம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதைவிட நல்ல வழி, அனுமதி கேட்டு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய், பறவையின் கண்மட்டத்தில் நிற்பது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெள்ளைக் கொக்குக்குக் கணக்கு நேர்மாறு: அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகின் வரிகள் வெளுத்துப்போகும்.

அமர்ந்த பறவைக்கு 1/640 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி ஷட்டர் வையுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600, 3200 வரை ஏறினாலும் தயங்க வேண்டாம்; அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும். அகலமாக வைத்தால் முன்னால் நிற்கும் இலைக்காம்பைத்தான் கேமரா பிடிக்கும். காலை பத்து மணிக்குமேல் சூடேறிய மாடிகளுக்கு மேலாக எடுத்தால், எத்தனை விலையுயர்ந்த லென்ஸும் மங்கலாகத்தான் தரும். குற்றம் லென்ஸில் இல்லை, கானல் அலைகிறது. ஆகவே ஆறேகாலிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

இரவுக்கு வருவோம். பழந்தின்னி வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். காலையில் மரத்தடியிலோ மதிலோரத்திலோ மென்ற சக்கையும் பல் பதிந்த வாதுமைப் பழமும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், அதற்கு நேர்மேலே உள்ள கிளைதான் அது வந்து தொங்கித் தின்னும் இடம்.

பெரிய பழந்தின்னிகள் கூட்டமாகத் தங்கும் மரம் அருகில் இருந்தால், சூரியன் மறைந்து சுமார் அரைமணியில் புறப்படும். மேற்கு வானம் சிவந்திருக்கும்போதே தொலைவிலுள்ள கிளை ஒன்றில் ஃபோகஸ் செய்து, தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 3200, 1/500 நொடி. வானத்தின் வெளிச்சத்தையே அளவாகக் கொண்டால் விரல் எலும்புகளோடு இறக்கை நிழலுருவாகப் பதியும். அந்த மரத்தடியில் ஃபிளாஷ் வேண்டாம், கைதட்டிக் கிளப்பவும் வேண்டாம். பகலில் கலைக்கப்பட்டால் குட்டியைச் சுமந்திருக்கும் தாய்தான் அதிகம் அவதிப்படும்.

சிறிய வகையைப் பக்கத்தில் எடுக்கக் கொல்லை வாழை போதும். பூவின் மடல் மாலையில் விரியும். தேனுக்கு வௌவால் வந்து ஓரிரு நொடி தொற்றிவிட்டுப் போகும். முக்காலியில் கேமரா, பூவின் மேல் கையால் ஃபோகஸ், லென்ஸின் திறப்பளவு எஃப்/8, ஐஎஸ்ஓ 800, 1/200 நொடி. ஃபிளாஷைப் பக்கவாட்டில் நிறுத்திச் சக்தியை 1/16க்குக் குறையுங்கள். முழுச் சக்தியில் ஒளி நீண்டு எரிவதால் இறக்கை குழம்பும். குறைந்த சக்தியில் நொடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்கில் ஒளி முடிந்துவிடும், இறக்கை அப்படியே நின்றுவிடும். இந்த வௌவால்கள் கண்ணாலும் மூக்காலும் வழி தேடுபவை. ஆதலால் ஓர் இரவுக்கு நாலைந்து படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றுங்கள்.

கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது கடித்த பழத்தையும் உண்ணாதீர்கள். நிபா வைரஸ் பழந்தின்னிகளிடம் உண்டு. இதைச் சொல்வது அவற்றை வெறுக்க அல்ல. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னிகளை எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தோம். அந்தப் பட்டியலே நீங்கியது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். விதை பரப்பும் ஓர் உயிருக்கு அரை நூற்றாண்டு நாம் செய்த அநீதி அது.

கூட்டை மட்டும் படம் எடுக்காதீர்கள். தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் இலையை ஒருமுறை விலக்கினால் போதும், நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் காக்கைக்கு வழி தெரிந்துவிடும். பதிவுசெய்த கூவலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம்; இல்லாத எதிரியைத் தேடிப் பறவை வீணாக அலையும்.

வீட்டுக்குப் போனதும் பழம் கனிந்த தேதி, வந்த பறவைகளின் பெயர், வௌவால் வந்த மணி ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். பறவைப் பட்டியலை, பறவை பார்ப்போர் தங்கள் குறிப்புகளைப் பதியும் இபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே மரத்தடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும்.

நன்றி, வணக்கம்.