கரண்ட் போனால் பொய்ப் பிரசாரம் கூடுமா? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. மஸ்கெலியாப் பக்கமிருந்து, உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற ஒரு பிள்ளை அனுப்பியிருக்கிறார். "சேர், மின்வெட்டுக் காலத்தில் இணையத்தில் அரசியல் பிரசாரமும் கூடும் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். கரண்ட் இல்லாவிட்டால் போனையே சார்ஜ் போட முடியாதே, பிரசாரம் எப்படிப் பரவும்? ஆராய்ச்சிக்காரர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

பிள்ளை என்னை மடக்கிவிட்டார். போன முறை நான் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் பேசிவிட்டேன்.

இலங்கையில் 2022 மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டவரில் பேட்டரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். ஜெனரேட்டர் ஓடுகிற கடையில் போனைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். ஆக, அந்த நேரத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்பது சரிதான். ஆனால் கரண்ட் வந்ததும் என்ன நடக்கும்? வட்ஸ்அப்பில் ஐம்பது அறுபது செய்தி மொத்தமாக வந்து விழும். இருட்டில் உட்கார்ந்து எரிச்சலில் இருந்தவர் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்கிறார். பிரசாரத்தின் அளவு கூடியதோ இல்லையோ, அது வந்து சேர்கிற வேளை மாறிவிட்டது. இது நான் கண்டதை வைத்துச் சொல்வது, ஆய்வு முடிவு அல்ல.

ஆய்வு என்று வந்தால் சிக்கல் வேறு. அந்த மாதங்களில் கரண்ட் மட்டுமா போனது? டீசல் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லை, விலை ஏற்றம், எல்லாம் ஒன்றாக வந்தது. மார்ச் 31 இரவு மிரிஹானையில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவின் வீட்டுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கி, அன்றைக்கே திறந்தும் விட்டது. முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக உதவுகிற வீபிஎன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் நம்மில் பலர் தெரிந்துகொண்டோம். இத்தனை குழப்பத்துக்குள் 'பதிவுகள் கூடியதற்குக் காரணம் மின்வெட்டுத்தான்' என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழி. மின்வெட்டு அட்டவணை ஞாபகம் இருக்கிறதா? ஏ, பி, சி என்று டபிள்யூ வரை பிரிவு பிரிவாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே விலைவாசி, ஒரே அரசியல், கரண்ட் போகிற நேரம் மட்டும் வேறு. ஆய்வாளருக்கு இது தானாகக் கிடைத்த சோதனைக்கூடம். இரண்டு பிரிவிலும் ஒரே நாளில் மக்கள் எதைப் பகிர்ந்தார்கள் என்று ஒப்பிட்டால் மற்றக் காரணங்கள் ஓரளவு கழிந்துவிடும். வெளிநாடுகளில் இரவு நேரச் செய்மதிப் படங்களில் எந்த ஊரில் வெளிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அதைத் தேர்தலோடு சேர்த்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரையன் மின் என்ற அரசியல் விஞ்ஞான ஆய்வாளர் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தை அப்படித்தான் ஆராய்ந்தார்.

இனி, எந்தப் பொய் எடுபடுகிறது என்பதற்கு வருவோம். மஸ்கெலியாப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலை காட்டும். 'நீர்த்தேக்கம் வற்றிவிட்டது' என்று யாராவது புளுகினால் உங்கள் ஊரில் எடுபடாது, எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் நிலக்கரிக் கப்பல் ஏன் பிந்தியது, டொலர் எங்கே போனது, யார் கமிஷன் அடித்தார்கள், இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? பிரசாரம் போய்க் குந்துவது அந்த இடத்தில்தான். இருட்டு எல்லாருக்கும் தெரிகிறது, இருட்டின் காரணம் தெரிவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்சாரம் போனது. அதிகம் பழுதானது எரிவாயுப் பக்கம்தான். ஆனால் உறைந்துபோன எரிவாயுக் குழாயை யார் படம் எடுத்துப் போடுவார்கள்? பனி மூடிய காற்றாலையை ஹெலிகொப்டர் கழுவுகிற படம்தான் ஊரெல்லாம் சுற்றியது, 'பார்த்தீர்களா, காற்றாலையை நம்பினால் இதுதான் கதி' என்று. அந்தப் படம் டெக்சாஸே இல்லை, பல வருடங்களுக்கு முன் சுவீடனில் எடுத்தது.

நம்முடைய குரங்கை விட்டுவிட முடியுமா? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். உடனே மீம்ஸ் மழை, நானும் இரண்டு அனுப்பினேன், மறைப்பானேன். மற்றப் பாதி விளக்கம் நீளமானது. விடுமுறை நாளில் பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், அதனால் வலையமைப்பைத் தடுமாறாமல் பிடித்து வைக்கிற, சுழல்கிற பெரிய மின்பிறப்பாக்கி இயந்திரங்கள் குறைவாக ஓடும், ஒரு சின்ன அடியைக்கூட வலையமைப்பு தாங்காது. இதை யார் போர்வர்ட் பண்ணுவார்கள்? குரங்கு குட்டியாக இருந்தாலும் வேகமாக ஓடும்.

கடைசியாக ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் எண்ணுவது எண்ணக்கூடியதை மட்டும்: பேஸ்புக்கின் பொதுப் பக்கங்கள், டுவிட்டர். அதற்கு உதவிய கிரௌட்டாங்கிள் என்ற கருவியையும் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஓகஸ்டில் மூடிவிட்டது. நம் தேயிலைத் தோட்டங்களில் ஓடுவதோ வட்ஸ்அப் குரல் பதிவு, அதுவும் நம் பேச்சுத் தமிழில். உள்ளே இருப்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. அதனால் மலையகத்தைப் பற்றிய வரைபடத்தில் நாம் இருக்கிற இடம் பெரும்பாலும் வெள்ளையாகக் கிடக்கும்.

ஆகவே பிள்ளை, செயற்திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்களே, இதையே எடுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: கரண்ட் போன நேரம், வந்த நேரம், வந்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் குடும்பக் குழுவில் விழுந்த செய்திகள் யாரைக் குற்றம் சொல்கின்றன. பெயர்களை எழுத வேண்டாம், குழுவில் இருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாமா கோபித்தால் அவருடைய செய்தியை விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.